போராளியின் பாரத்தைக் கதையில் எழுதுவது எப்படி

இலங்கையின் வடக்கே வன்னியில் தமிழ் படிப்பிக்கிற எனக்குப் போர்க்கதைகள் வந்துகொண்டே இருக்கின்றன. விசுவமடு, தருமபுரம், முள்ளியவளைப் பக்கத்துப் பிள்ளைகள் கொப்பித் தாளில் எழுதித் தருகிறார்கள். கனடாவிலும் சுவிசிலும் வளர்ந்தவர்கள், தாய் சொல்லக் கேட்டதை எழுதி அனுப்புகிறார்கள். போர் முடிந்த 2009இல் இடுப்பில் தூக்கிவரப்பட்ட குழந்தைகள் இன்று எழுதும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் எழுதவேண்டும், நன்றாக எழுதவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வரும் கதைகளில் பெரும்பாலானவற்றில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்த முன்னாள் போராளி ஒருவர் விறாந்தையில் இருந்து தூரத்தைப் பார்க்கிறார். பெருமூச்சு விடுகிறார். பிறகு யாரோ ஒருவரிடம் எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்கிறார். அப்படிச் சொல்லித் தீர்த்த ஒருவரையும் என் ஊரில் நான் கண்டதில்லை. ஒரே கூரைக்குக் கீழே இத்தனை ஆண்டுகள் வாழ்ந்த மனைவிக்கே பாதிதான் தெரியும். அந்தப் பாதியும் அவள் பார்த்துப் பார்த்து அறிந்துகொண்டது. ஆகவே பாரத்தைச் சுமப்பவரின் வாயில் வைக்காதீர்கள். அவரோடு உண்டு உறங்குகிறவர்களின் கண்ணில் வையுங்கள். கதையை யார் சொல்வது என்று தீர்மானிக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. மகள் சொல்லட்டும், மாமியார் சொல்லட்டும், கூட வயலுக்குப் போகும் மச்சான் சொல்லட்டும்.

வீட்டார் காண்பது

வெடிச் சத்தம் கேட்டால் நிலத்தில் விழுந்து படுக்கும் மனிதரை எழுதாதீர்கள். அது பொய் என்று சொல்ல வரவில்லை. கோயில் திருவிழா வெடிக்கு அப்படித் திடுக்கிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எல்லாரும் எழுதிவிட்டதால் வாசகர் அதை வாசிக்காமலே கடந்துபோகிறார். அதைவிடச் சிறியதைத் தேடுங்கள்.

மாலையானால் வீட்டிலுள்ள வாளி, குடம், போத்தல் எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பி வைக்கும் தகப்பன். செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கதவோரம் படுக்கிறவர். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி எல்லாம் போட்ட பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி, யாராவது அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டால் கொதித்தெழுகிறவர். செத்த வீட்டுக்குப் பந்தல் போட முதல் ஆளாக வந்து, பிரேதத்தை எடுக்கும் நேரத்தில் காணாமல் போகிறவர். அரிசிக் கஞ்சி வைத்தால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து முற்றத்துக்குப் போகிறவர். 2009இன் கடைசி மாதங்களில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்ட கஞ்சிக்குத்தான் வரிசையில் நின்றோம். அந்த வரிசைகள் மீதும் செல், அதாவது எறிகணை, விழுந்தது. இதை உங்கள் கதையில் விளக்க வேண்டியதில்லை. அவர் எழுந்து போவதைப் பார்த்த பிள்ளை, மீதிக் கஞ்சியைத் தானே குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைக்கட்டும். அந்தப் பிள்ளைக்குக் காரணம் தெரியாதிருப்பதே கதைக்கு வலு.

சுமந்த பொருளில் கைவையுங்கள்

மனச்சுமையை எழுதப் போகிறவர் முதலில் உடற்சுமையைச் சரியாக அறிந்திருக்கவேண்டும். ரி-56 துப்பாக்கி வெறுமையாகவே ஏறத்தாழ நான்கு கிலோ. முப்பது ரவை நிரப்பிய ஒரு மகசின் கிட்டத்தட்ட ஒரு கிலோ; அப்படிப் பலவற்றை மார்பில் கட்டியிருப்பார்கள். தண்ணீர், மண்வெட்டி, சிலருக்கு வோக்கி, கழுத்தில் அடையாளத் தகடு, கறுப்பு நூலில் சயனைட் குப்பி. இவற்றோடு சேற்று வயலிலும் காட்டுப் பாதையிலும் இரவு முழுக்க நடந்த பதினெட்டு வயது உடம்பை ஒரு பத்தியிலாவது எழுதுங்கள். அதன்பிறகு, குடும்பமாகி நரை விழுந்த காலத்தில், யோசனையில் இருக்கும்போது அவர் கை கழுத்தடியைத் தேடுவதாக ஒரு வரி வைத்தால் போதும். குப்பி என்ற சொல்கூட அந்த இடத்தில் தேவைப்படாது.

இன்னும் நேரான சுமை ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறவர்கள் குறைவு என்பது எனக்கு வியப்பு. எங்கள் ஊர்களில் எத்தனையோ பேருடைய உடம்பில் செல் துண்டு இன்னும் கிடக்கிறது. மக்கள் அதைப் பீஸ் என்பார்கள். முதுகில் பீஸ், தொடையில் பீஸ், தலைக்குள் பீஸ். எடுத்தால் நரம்பு போய்விடும் என்று வைத்தியர்கள் விட்டுவிட்டவை. மாரி வந்தால் குத்தும், பாரம் தூக்கினால் குத்தும். உலோகம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுப்பதிலும் சிக்கல். கூலி வேலைக்கு வந்தவர் சீமெந்து மூட்டை தூக்க மறுக்கிறார். மேசன் அவரைச் சோம்பேறி என்கிறார். அவர் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதில் ஒரு முழுக் கதை இருக்கிறது. காலை இழந்தவர்களுக்கும் அப்படித்தான். இல்லாத பாதம் அரிக்கும், இல்லாத விரல் மடங்கி வலிக்கும். ஜெய்ப்பூர்ச் செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரோடு சாய்த்துவிட்டு அந்த வெற்றிடத்தைச் சொறியப் போகும் கையை எழுதத் தெரிந்தவருக்கு உவமை எதுவும் வேண்டாம்.

செய்தது, கண்டது, செய்யாமல் விட்டது

புதிதாக எழுதுகிறவர்கள் கொன்றதையே பெரிய பாரமாக எழுதுகிறார்கள். சிலருக்கு அது உண்மை. ஆனால் காதில் விழுந்த துண்டுக் கதைகளையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறபோது, செய்யாமல் விட்டதே அதிகம் அழுத்துவதாக எனக்குத் தெரிகிறது. காயப்பட்டவன் கூப்பிட்டான், திரும்பவில்லை. நிலையை மாற்றச் சொல்லிக் கட்டளை வந்தது, நண்பனின் உடலை எடுக்கவில்லை. விடுப்பில் வந்தபோது தாய் "போகாதே ராசா" என்றாள், இருக்கவில்லை.

இதற்கு முல்லைத்தீவுக்குப் பக்கத்து வட்டுவாகலைவிடப் பொருத்தமான களம் எனக்குத் தெரியவில்லை. 2009 மே நடுப்பகுதியில் நந்திக்கடல் ஓரமாகப் பாலத்தைக் கடந்து மக்கள் போனார்கள். அங்கும் பிறகு ஓமந்தைச் சோதனைச் சாவடியிலும் முகாம்களிலும், ஒரு நாளாவது இயக்கத்தில் இருந்தவர்கள் தனியாக வரவேண்டும் என்று படையினர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்த வரிசையில் நிற்கும் ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கத்துக்குக் கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்டு, சில வாரங்களில் ஓடி வந்தவள்; அங்கே வெட்டிய தலைமயிர் இன்னும் முழுதாக வளரவில்லை. பக்கத்தில் தாய் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். கூட இருந்த தோழி எழுந்து போகிறாள். இவள் போகவில்லை. தோழி திரும்பி இவளைப் பார்க்கிறாளா, பார்க்காமலே போகிறாளா? நீங்கள் முடிவு செய்யவேண்டியது அது ஒன்றுதான். அப்படிச் சரணடைந்தவர்களில் பலர் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போய் வந்தார்கள். சிலரைப் பற்றி இன்றுவரை பதில் இல்லை. அவர்களுடைய தாய்மார் 2017 பெப்ரவரியில் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன் போராட்டமாகக் குந்தினார்கள். தோழி எந்தப் பக்கம் சேர்ந்தாள் என்பது அறியாமல் இவள் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, கடைக்குப் போய் வருகிறாள். தோழியின் தாய் படத்தோடு கொட்டகையில் இருக்கும் நேரத்தில் பஸ் அந்த வழியால் போகிறது. இவள் எந்தப் பக்க யன்னலோரம் இருக்கிறாள் என்று எழுதுங்கள்.

இன்னொரு பாரத்தைத் தொடத் துணிவு வேண்டும். வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லி இயக்கம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன காலம் எங்களிடம் இருந்தது. வீட்டுக்குள் கிடங்கு வெட்டிப் பிள்ளையை ஒளித்தார்கள். படிக்கிற வயதில் அவசரமாகத் தாலி கட்டிவைத்தார்கள். பிடிக்கப் போனவர்களும் எங்கள் பிள்ளைகளே. அவர்களில் உயிரோடு எஞ்சியவர், தான் கொண்டுபோன பிள்ளையின் தாயோடு அதே சந்தையில் மரக்கறி வாங்குகிறார். அவரை அரக்கனாக எழுதாதீர்கள், புனிதராகவும் எழுதாதீர்கள். வீரத்தாய் பெற்ற வீரமகன் என்று புறநானூற்றுக் காலத்திலிருந்து நமக்கு ஓர் அச்சு இருக்கிறது. அதற்குள் இந்த மனிதர் அடங்கமாட்டார். அடங்காததால்தான் அவரைப் பற்றிக் கதை எழுதவேண்டியிருக்கிறது.

கண்டதிலும் எதிர்பாராததைத் தேடுங்கள். 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையில் ஆழிப்பேரலை அடித்தது. அன்று உடல்களை எடுத்தவர்களில் போராளிகள் பலர். போர்நிறுத்தக் காலத்தில் இயக்கத்துக்கு வந்து, ஒரு சண்டையும் காணாத இளைஞன் முதன்முதலில் தூக்கிய உடல் ஒரு பள்ளிப் பிள்ளையுடையதாக இருந்திருக்கலாம். அவனுக்கு வாழ்நாள் முழுக்க நித்திரையைக் கெடுப்பது அதுவாக இருந்தால், அவனைப் பற்றிய போர்க்கதை வேறெங்கோ போகும்.

வருத்தத்துக்கு எங்கள் மொழி

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் போர்போன்ற பேரதிர்ச்சிகளுக்குப் பின் வரும் மனவடுவை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. கெட்ட கனவு, திடுக்கிடல், நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல் என்று அறிகுறிகளை அறிந்துவைத்திருப்பது நல்லது. ஆனால் உங்கள் பாத்திரம் ஒருபோதும் அந்தப் பெயரைச் சொல்லாது. எங்கள் ஆட்கள் நெஞ்சு எரிகிறது என்பார்கள், தலையிடி என்பார்கள், உடம்பெல்லாம் உளைவு என்பார்கள், வெளிநோயாளர் வரிசையில் நின்று பனடோல் வாங்கி வருவார்கள். வைத்தியரிடம் என்ன சொன்னார், வீட்டில் என்ன சொன்னார் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தனி மனிதரோடு குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டிருப்பதை எழுதிவந்திருக்கிறார். கதையை வீட்டார் சொல்லட்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெண் போராளிகளை எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னலும் இடுப்புப் பட்டியுமாக நிமிர்ந்து சைக்கிள் ஓட்டியவர்கள், ஊர் திரும்பியபின் கலியாணப் பேச்சில் கேட்க நேர்ந்த கேள்விகள் சண்டையைவிடக் கொடியவை. இதை ஒரு துணைக்கதையாக ஓரத்தில் ஒட்டவேண்டாம்.

எதிர்ப்பக்கத்துச் சிப்பாயையும் மறக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அனுராதபுரம், குருநாகல் போன்ற மாவட்டங்களின் கமக்கார வீடுகளிலிருந்து வந்தவர்கள் ஏராளம். மணிக்கட்டில் தாய் கட்டுவித்த, பிக்குகள் ஓதிய வெள்ளைப் பிரித் நூல். அவர்களிலும் ஆயிரக்கணக்கானோர் காணாமற்போனவர்களாகப் பதியப்பட்டிருக்கிறார்கள். எங்களுக்கு நேர்ந்தது அதனால் சிறிதாகிவிடாது. ஆனால் முகமில்லாத எதிரியைச் சுட்டவனுக்குப் பாரம் எங்கிருந்து வரும்? முகத்தை நீங்கள்தான் கொடுக்கவேண்டும்.

மண்ணும் ஆண்டும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003இல் வன்னியில் கிபிர் விமானம் குண்டு போடுவதாக எழுதாதீர்கள். 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. கிளிநொச்சி படையினரிடம் விழுந்தது 2009 ஜனவரி 2. அதன்பின் சனம் கிழக்கே, கடலை நோக்கித்தான் நகர்ந்தது. கரையிலிருந்து தள்ளிய ஊர்களில் பனங்குற்றியும் மரக்குற்றியும் அடுக்கிப் பங்கர், அதாவது பதுங்குகுழி, போட்டார்கள். முள்ளிவாய்க்கால் கடற்கரை மணலில் வெட்ட வெட்ட ஓரம் சரியும். அதனால் சேலைகளைக் கிழித்து மூட்டை தைத்து மணல் நிரப்பினார்கள், கூறைச் சேலை உட்பட. மண் தெரிந்தால் மனிதர் எங்கே குந்தினார், எதைக் கையால் அள்ளினார் என்பது தானாக வரும்.

கேட்பதும் மறைப்பதும்

யாரிடமாவது கேட்டு எழுதப் போகிறீர்கள் என்றால், தொலைபேசியில் ஒலிப்பதிவை அமுக்கி மேசையில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள்: அண்ணா, பங்கருக்கு என்ன மரம் போட்டீர்கள்? அக்கா, மழைக்குள் எப்படிச் சமைத்தீர்கள்? மரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியவர், அதைக் கூடத் தூக்கியவரைப் பற்றிச் சொல்லுவார். நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள்; தேநீரைக் குடித்துவிட்டு மழையைப் பற்றிக் கதையுங்கள். அடுத்தநாள் அந்த வீட்டு அம்மாவிடம் அவர் இரவு நித்திரை கொண்டாரா என்று விசாரியுங்கள். கொள்ளவில்லை என்றால் அந்தக் கதையைக் கொஞ்சக் காலம் தள்ளி வையுங்கள்.

எழுதி முடித்ததும் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், படையணி, காயம் பட்ட இடம் ஆகிய மூன்றும் உண்மையாக இருந்தால் ஊரார் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்; விசாரிக்க வருகிறவர்களும் கண்டுபிடிப்பார்கள். வலக்காலை இடக்கையாக்குங்கள், மாங்குளத்தை மல்லாவியாக்குங்கள், ஆண்டை ஒன்றிரண்டு முன்னேயோ பின்னேயோ நகர்த்தி, மேலே சொன்ன காலக்கணக்கோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன்பு சொன்னவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த வரியை வெட்டச் சொன்னாலும், அது உங்கள் கதையின் மிகச் சிறந்த வரியாகவே இருந்தாலும், ஏன் என்று கேட்காமல் வெட்டிவிடுங்கள்.