பொன்னிக்குச் சீப்புப் போடும் ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் பொன்னி மஞ்சள் லாப்ரடார் நாய், ஏழு வயது. கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுத் தரை கறுப்புக் கடப்பா கல். காலையில் பெருக்கி முடித்துத் திரும்புவதற்குள் ஃபேன் காற்றில் முடி உருண்டு கட்டிலுக்கு அடியில் பந்தாகச் சேர்ந்துவிடும். "பேசாமல் மழித்து விடுங்கள்" என்று சொன்னவர்கள் நிறைய. அதை மட்டும் செய்யாதீர்கள். லாப்ரடாருக்கு முடி இரண்டு அடுக்கு: மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு போன்ற உள்முடி. மேல்முடிதான் வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. வீடெல்லாம் பறப்பதோ பெரும்பாலும் உள்முடி. அதை மட்டும் எடுத்தால் போதும்.

அதற்கென்றே நெருக்கமான எஃகுப் பற்கள் வைத்த சீப்பு இருக்கிறது. 'டீஷெட்டிங் டூல்' என்று கேட்டு வாங்குங்கள். குட்டை முடிக்கு ஒன்று, நீள முடிக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். லாப்ரடாருக்குக் குட்டை முடிக்கானது.

முந்தின நாளே குளிப்பாட்டி, அடிமுடி வரை காயவிடுங்கள். ஈர முடியில் இந்தச் சீப்பைப் போடவே கூடாது. சிக்கு இருந்தால் முதலில் சாதாரணச் சீப்பால் எடுத்துவிடுங்கள். நான் ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். கழுத்துக்குப் பின்னால் தொடங்கி வால் பக்கமாக, முடி படிந்திருக்கும் திசையிலேயே, நீளமாக, லேசாக இழுக்க வேண்டும். கையின் எடையே போதும், அழுத்தம் வேண்டாம்.

இதில் நான் ஒரு தப்புச் செய்தேன். முதல் தடவை இடுப்புக்கு மேலே முடி கொத்துக் கொத்தாக வந்ததும், அதே இடத்தில் அரை மணி நேரம் இழுத்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் அந்த இடம் சிவந்து, பொன்னி நக்கிக்கொண்டே இருந்தாள். மனசு கேட்கவில்லை. பற்கள் கூர்மையானவை. உதிர்ந்த முடி தீர்ந்த பிறகும் இழுத்தால் நல்ல மேல்முடியை அறுக்கும், தோலையும் கீறும். சீப்பில் சேர்ந்ததை விரலால் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று பஞ்சாக இருந்தால் உள்முடி. விறைப்பான முடி வரத் தொடங்கினால், அந்த இடத்தை அன்றைக்கு விட்டுவிட வேண்டும். இப்போது மொத்தமே பதினைந்து நிமிடம், வாரத்துக்கு ஒரு முறை.

வயிறு, முழங்கை, கால், எலும்பு துருத்திய இடங்களுக்கு நாய் முடி வாருவதற்கென்றே வரும் ரப்பர் கையுறை போதும். ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்ப்பவர்களுக்கும் அதையேதான் சொல்வேன். அவற்றின் முடி குட்டை, தோலை ஒட்டியது, எஃகுப் பல் அங்கே தோலில்தான் படும். பூடில், மால்டீஸ் வகைகளுக்கும் இந்தச் சீப்பு ஆகாது.

அப்படியே காது மடல், அக்குள், விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி அங்கேதான் ஒளிந்திருக்கும். முடி திட்டுத் திட்டாகக் கொட்டினாலோ, அடியில் செதில், புண் தெரிந்தாலோ சீப்பை வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

எடுத்த முடியை மாடியிலேயே பறக்கவிடாமல் கவரில் கட்டிக் குப்பையில் போடுகிறேன். பொன்னிக்கு உண்ணி மருந்து தடவுகிறோம், அந்த முடியைக் குருவி கூட்டுக்குக் கொண்டுபோனால் குஞ்சுகளுக்கு நல்லதல்ல.