இ-சிகரெட் ஆவியை இருமாமல் வெளிவிட

இ-சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை, ஆகவே வெளியே வருவது புகையும் அல்ல. பஞ்சில் ஊறிய புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் கலவையை (லிக்விட்) 'காயில்' எனும் கம்பிச்சுருள் சூடாக்குகிறது. எழும் ஆவி குளிர்ந்து நுண்துளிகளாகிறது. நாம் ஊதுவது அந்தத் துளிகளைத்தான். எவ்வளவு வெளியே வரும், தொண்டை கரிக்குமா என்பதெல்லாம் ஊதும்போது முடிவாவதில்லை, இழுக்கும்போதே பாதி முடிவாகிவிடும்.

இங்கே சொல்வது பிரிட்டன் கடைகளில் கிடைக்கும் கருவிகளை வைத்து. அங்கே நிகோட்டின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. லிக்விட் நிரப்பும் டேங்க் 2 மில்லிலிட்டர்தான். சிகரெட்டை விட்டவர்களுக்கான குறிப்பு இது. புகைக்காதவர் இதைத் தொட வேண்டியதில்லை.

சிகரெட்டை விட்டு வருபவருக்கு வாய்வழி இழுப்பே ஏற்றது. 1 ஓம் அல்லது அதற்கு மேற்பட்ட காயில், 10 முதல் 15 வாட், புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் சரிபாதி கலந்த லிக்விட். மூன்று நான்கு நொடி மெதுவாக வாய்க்குள் இழுங்கள். உதட்டை எடுத்துவிட்டு, கொஞ்சம் வெறும் காற்றோடு சேர்த்து உள்ளே வாங்குங்கள். பிறகு உடனே, அவசரமில்லாமல் விடுங்கள். சிகரெட் போல வெடுக்கென்று உறிஞ்சினால் காயிலில் லிக்விட் தேங்கும். களகளவென்று சத்தம் வரும், சூடான துளி நாக்கில் தெறிக்கும். அப்படியானால் காயிலைக் கழற்றி, நடுக்குழாயை டிஷ்யூவால் துடையுங்கள்.

நேரடியாக நுரையீரலுக்கு இழுப்பது வேறு கதை. 0.5 ஓமுக்குக் கீழ், 40 வாட்டுக்கு மேல், காற்றுத்துளை முழுக்கத் திறந்து, கிளிசரின் 70 சதவீதம். ஒரு இழுப்பில் அதிக ஆவி உள்ளே போவதால் நிகோட்டின் மில்லிலிட்டருக்கு 3 முதல் 6 மில்லிகிராம் போதும். இதே கருவியில் 20 மில்லிகிராம் லிக்விட் ஊற்றினால் இருமல், தலைசுற்றல், குமட்டல். 'எனக்கு வேப் ஒத்துவரவில்லை' என்பவர்களில் பலர் செய்த தப்பு இதுதான்.

மூச்சை அடக்கி வைப்பதில் ஒரு பயனும் இல்லை. நிகோட்டினின் பெரும்பகுதி சாதாரண மூச்சிலேயே உடலுக்குள் போய்விடும். அடக்க அடக்கத் துளிகள் உள்ளேயே படியும், வெளியே மேகம் மெலியும், அவ்வளவுதான். மேகம் தடிப்பதற்குக் காரணம் கிளிசரினும் குளிர்ந்த ஈரக்காற்றும், திறமை அல்ல.

சுவை தெரிய வேண்டுமா? முக்கால்வாசியை வாயால் விட்டு, மிச்சத்தை மூக்கால் விடுங்கள். சுவையில் பெரும்பங்கு மணம்தான். முழுவதையும் மூக்கால் விட்டால் எரியும், உள்ளே வறளும். நிகோட்டின் கூடினால் இன்னும் மோசம். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும், இரண்டு கலவைப் பொருள்களுமே ஈரத்தை உறிஞ்சுபவை. ஆவியை விழுங்கிவிட்டால் விக்கல் வரலாம்.

விடும்போது கருகிய வாடை அடித்தால் உடனே நிறுத்துங்கள். பஞ்சு காய்ந்து தீய்கிறது. அந்தச் சூட்டில் ஃபார்மால்டிஹைடு போன்றவை கூடும். புதுக் காயில் என்றால் பஞ்சில் சில சொட்டு விட்டு, டேங்க் நிரப்பிப் பத்து நிமிடம் ஊறவிட்ட பிறகே பட்டனை அழுத்த வேண்டும். ஒருமுறை கருகிய பஞ்சு தேறாது, மாற்றுங்கள்.

எங்கே ஊதுவது? யார் முகத்துக்கும் நேராக வேண்டாம், குழந்தைகள் இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். ஊதும் ஆவியில் நிகோட்டினும் கொஞ்சம் இருக்கிறது. ஒளிச்சிதறலை வைத்து வேலை செய்யும் புகை உணரிகள் இதையும் புகை என்றே எடுத்துக்கொண்டு அலறும். காருக்குள் ஊதினால் முன்கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய படலம் படிந்து, இரவில் எதிரே வரும் விளக்கு பூத்துத் தெரியும். ஊருக்குப் போகிறவர்கள் கருவியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்: இந்தியாவில் 2019 முதல் இறக்குமதியும் விற்பனையும் தடை, சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம்.