மாரடைப்பு நோயாளியின் ரத்தத்தில் தாது, வைட்டமின் அளவுகள்: எங்கே தவறு நேர்கிறது?

மாரடைப்பு வந்து மூன்றாம் நாள் எடுத்த ரத்தத்தில் துத்தநாகம் குறைவு, இரும்பு குறைவு, வைட்டமின் டி-யும் குறைவு என்று ரிப்போர்ட் வருகிறது. "இதெல்லாம் குறைஞ்சதாலதான் அடைப்பே வந்திருக்கு" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். இதயத் தசை சேதமானதும் உடலெங்கும் அழற்சி கிளம்புகிறது. கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்க, இரும்பு சேமிப்புச் செல்களுக்குள்ளேயே அடைபட்டுவிடும். துத்தநாகம் ரத்தத்தை விட்டுக் கல்லீரலுக்குள் போகும். செலினியமும் இறங்கும். தாமிரம் மட்டும் ஏறும். அதைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் புரதம் அழற்சியில் கூடுவதுதான் காரணம். இந்த மாற்றங்களில் பல, மாரடைப்பின் விளைவுகள்.

உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதம் இன்னும் ஏமாற்றும். அழற்சியில் அது தானாக உயரும் என்பதால், 150 நானோகிராம்/மி.லி. என்று வந்தாலும் இரும்புச்சத்து போதுமென்று சொல்லிவிட முடியாது. அவசரமில்லாத இந்தப் பரிசோதனைகளை ஆறு, எட்டு வாரம் தள்ளி, அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு இறங்கியபின் செய்வதே நல்லது. ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்த உறைவுத் தடுப்பு மருந்தும் சாப்பிடுகிறவருக்கு வயிற்றில் ரத்தம் கசிகிறதா என்று அன்றே பார்க்க வேண்டும்.

பொட்டாசியம் விஷயம் இதற்கு நேர் எதிர். அதை அந்த மணியிலேயே கவனிக்க வேண்டும். வலியிலும் பயத்திலும் பொங்கும் அட்ரீனலின், ரத்தத்திலிருக்கும் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளிவிடுகிறது. 3.1 மில்லிமோல்/லிட்டர் என்று வந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு. அதற்காக எல்லோருக்கும் அளவைத் தூக்கி நிறுத்துவதும் சரியல்ல. 4 முதல் 5 வரை வைப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் 2012-இல் வெளியான, 38,689 மாரடைப்பு நோயாளிகளின் தரவை அலசிய ஆய்வில், 3.5 முதல் 4.5 வரை இருந்தவர்களிடமே இறப்பு மிகக் குறைவாக இருந்தது.

எவ்வளவு பொட்டாசியம் ஏற்றினாலும் அளவு ஏறவில்லையா? மெக்னீசியத்தைப் பாருங்கள். அது குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்க முடியாமல் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் கதைதான். உடலின் மெக்னீசியத்தில் 1 சதவீதம்கூட ரத்தத்தில் இல்லை; ஆகவே ரிப்போர்ட்டில் 1.8 மி.கி./டெ.லி. என்று இயல்பாக இருந்தாலும், நீர் பிரியும் மாத்திரையையோ வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் வகை மாத்திரையையோ நெடுநாள் சாப்பிட்டவருக்கு உள்ளே பற்றாக்குறை இருக்கலாம். அதே சமயம், மாரடைப்பு வந்த அனைவருக்கும் மெக்னீசியம் ஏற்றுவதில் பலனில்லை. 58,050 பேரை வைத்து நடந்த ஐசிஸ்-4 ஆய்வு இதை 1995-இலேயே காட்டிவிட்டது.

இனி, ரத்தம் எடுக்கும் இடம். ரப்பர் பட்டையை இறுகக் கட்டி, நரம்பு தெரியட்டும் என்று கையைத் திரும்பத் திரும்ப மடக்கி விரிக்கச் சொன்னால், தசையிலிருந்து கசியும் பொட்டாசியம் அளவை உயர்த்திக் காட்டும். சிவப்பணு உடைந்தாலும் அப்படித்தான். ஊதா மூடிக் குழாயில் முதலில் ரத்தம் எடுத்துவிட்டு, அதிலிருந்து கொஞ்சத்தைச் சீரம் குழாயில் சாய்ப்பது மோசமான பழக்கம். ஊதா குழாயிலிருப்பது பொட்டாசியம் கலந்த ஈடிடிஏ என்ற உறைவுத் தடுப்பு ரசாயனம். அது கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். பொட்டாசியம் மிக அதிகமாக 8, கால்சியம் மிகக் குறைவாக 5, ஈசிஜி மட்டும் அமைதியாக இருக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது குழாயைத்தான். உடனே புது மாதிரி எடுத்து அனுப்புங்கள். துத்தநாகத்துக்கு நுண்தாதுக்களுக்கான தனிக் குழாய் வேண்டும். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கலந்துவிடும். மாரடைப்போடு தொடர்புபடுத்தப்படும் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்கான மாதிரியை ஐஸில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ரத்த அணுக்களைப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பணுக்கள் அதைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

பலர் சொல்ல மறப்பது பயோட்டின். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரையில் 5, 10 மில்லிகிராம்கூட இருக்கும். ஒரு நாள் தேவையோ 30 மைக்ரோகிராம்தான். பயோட்டின் பிணைப்பைப் பயன்படுத்தும் சில லேப் முறைகளில் அது, மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனினைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும், வைட்டமின் டி-யைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். மாரடைப்பே நழுவிப்போகலாம். அமெரிக்க எஃப்டிஏ 2017-இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது.

வைட்டமின் டி-க்குக் கேட்க வேண்டியது உடலின் கையிருப்பைக் காட்டும் 25-ஹைட்ராக்சி அளவு. 1,25 வகை அல்ல. அலகையும் பாருங்கள்: 20 நானோகிராம்/மி.லி. என்பதும் 50 நானோமோல்/லிட்டர் என்பதும் ஒன்றே. குறைவாக இருந்தால் எலும்புக்காகச் சரிசெய்யலாம், அடுத்த மாரடைப்பைத் தடுக்கும் என்று நம்பியல்ல. 25,871 பேருக்கு நடந்த வைட்டல் ஆய்வில் தினம் 2000 யூனிட் கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை. ஃபோலிக் அமிலமும் பி12-உம் ஹோமோசிஸ்டீனை இறக்கின. ஆனால் 2006-இல் வந்த நார்விட் ஆய்வில் மாரடைப்பு வந்தவர்களுக்கு அதனால் நன்மை கிடைக்கவில்லை.

வீடு திரும்பியபின் நேரும் தவறு ஒன்றுண்டு. ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் என்ற இதய மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர் சோடியம் குறையட்டுமென்று "லோ சோடியம்" உப்புக்கு மாறுகிறார். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. இரண்டு மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடலிலேயே நிறுத்திவைப்பவை. ஸ்பைரனோலாக்டோன் தொடங்கினால் ஒரு வாரத்திலும், பிறகு நான்காவது வாரத்திலும் பொட்டாசியம், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டையும் பார்த்துவிட வேண்டும்; அந்த உப்பை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.