ஐ7 ஸ்டிக்கரைப் பார்த்து கேமிங் கம்ப்யூட்டர் வாங்காதீர்கள்

"ஐ7, 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி, எல்லா கேமும் ஓடும், 900 வெள்ளி." மலேசியாவில் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து தம்பிகள் எனக்கு அனுப்பும் விளம்பரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கீழே ஒரே ஒரு வரி: "அண்ணே, எடுக்கலாமா?" அப்பா செம்பனைக் குலை வெட்டி, ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு அது. அதனால் நான் முதலில் கேட்பது, அந்த விளம்பரத்தில் இல்லாத விஷயத்தைத்தான். கேமின் படங்களைத் திரைக்கு வரைந்து தரும் கிராஃபிக்ஸ் கார்டு என்ன? அது தெரியாமல் கேம் ஓடுமா, ஓடாதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஐ7 என்பது இன்டெல்லின் ப்ராசஸர் (கம்ப்யூட்டரின் மூளையான சில்லு) வரிசை ஒன்றின் பெயர், ஐ3 அதற்குக் கீழ் வரிசை. அது வயதைச் சொல்லாது. ஐ7-2600 வந்தது 2011இல், ஐ3-12100 வந்தது 2022இல். இரண்டிலும் வேலை பார்க்கும் பாகங்கள் ஒரே எண்ணிக்கைதான்: நான்கு கோர், எட்டு த்ரெட். ஆனால் கேமில் அந்தப் புதிய ஐ3 பழைய ஐ7-ஐ எளிதாக முந்திவிடும். கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள்: 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்டின் ஆதரவு. பழைய மெஷினில் எப்படியோ வளைத்து விண்டோஸ் 11 போட்டு விற்கிறார்கள். அதில் படம் பார்க்கலாம், அசைன்மென்ட் செய்யலாம். வாலரன்ட் கேம் மட்டும் திறக்காமல் போகலாம். விண்டோஸ் 11-இல் அதற்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். இல்லையென்றால் விஏஎன் 9001 என்று பிழை காட்டி நின்றுவிடும்.

கார்டு இருக்கிறது என்று சொன்னாலும் அடுத்த குழி அங்கேயே இருக்கிறது. "4 ஜிபி கார்டு" என்பார்கள். ஜிடி 730-இலும் 4 ஜிபி மாடல் உண்டு, ஜிடிஎக்ஸ் 1650-இலும் 4 ஜிபிதான். முன்னது 2014இல் வந்த, மெதுவான டிடிஆர்3 மெமரியோடும் விற்கப்பட்ட அடிமட்ட கார்டு. பின்னது 2019இல் வந்தது, அதைவிடப் பல மடங்கு வேகம். ஜிபி என்பது மெமரியின் அளவு மட்டுமே. கார்டின் முழுப் பெயரையும் கேட்டு வாங்குங்கள், ஓர் எழுத்து விடாமல்.

கடையில் நிற்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியு (கிராஃபிக்ஸ் சில்லு) மீது தட்டினால் கார்டின் பெயர் வலது மேல் மூலையில் தெரியும். கீழே டெடிகேட்டட் என்று இருப்பதுதான் கார்டின் சொந்த மெமரி. ஷேர்ட் என்று காட்டுவது ராமிலிருந்து கடன் வாங்கும் இடம், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெயரும் பொய்யாக இருக்கலாம். பழைய கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் என்ற மென்பொருளை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டும் போலிகள் நிறைய உலவின. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் அப்படிப்பட்ட பல போலிகளைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள்.

ஆபிஸ் கம்ப்யூட்டரை கேமிங்காக மாற்றுவது

இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கம்பெனிகள் கழித்துப்போட்ட ஒல்லி ஆபிஸ் கம்ப்யூட்டர்கள் ஈப்போவில் மலிவாகக் கிடைக்கும். "இப்போ இதை எடுத்துக்குவோம், தீபாவளிக்கு கார்டு போட்டுக்கலாம்" என்று திட்டம். திட்டம் நல்லதுதான், ஆனால் காசு கொடுக்குமுன் பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள். பவர் சப்ளையிலிருந்து ஆறு பின் கொண்ட வயர் எங்கேயாவது தொங்குகிறதா? பெரும்பாலும் இருக்காது. அப்படியானால் கார்டுக்குக் கிடைப்பது அதைச் செருகும் ஸ்லாட் தரும் மின்சாரம் மட்டும், அதிகபட்சம் 75 வாட். ஒல்லிப் பெட்டியில் முழு உயர கார்டும் நுழையாது, உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டுதான் வேண்டும். பவர் சப்ளையை மாற்றலாம் என்றால் பல மாடல்களில் அதன் வடிவமும் வயர் முனையும் அந்தக் கம்பெனிக்கே உரியவை. மிஞ்சுவது ஜிடிஎக்ஸ் 1650, 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி போன்ற சில கார்டுகள். அதிலும் கூடுதல் வயர் கேட்காத லோ புரொஃபைல் மாடலாகத் தேட வேண்டும். சில நூறு வெள்ளி கூடப்போட்டு முழு அளவு டவர் எடுப்பதே நல்லது என்பேன்.

மூடி திறந்திருக்கும்போதே ராமையும் எண்ணிவிடுங்கள். 16 ஜிபி ஒரே குச்சியாக இருப்பதைவிட 8 ஜிபி இரண்டாக இருப்பது மேல். தனி கார்டு இல்லாமல் ப்ராசஸரின் கிராஃபிக்ஸையே நம்பி விளையாடுகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

லேப்டாப்பில் பெயர் ஒன்றாக இருந்தாலும் வேகம் ஒன்றல்ல. லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 35 முதல் 115 வாட் வரை கொடுக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். வாட் குறைந்தால் வேகமும் குறையும், எத்தனை வாட் என்று கேளுங்கள்.

மினிமம் என்ற சொல்லை நம்புவது

கேமின் பக்கத்தில் போட்டிருக்கும் மினிமம் என்பது பல நேரம் குறைந்த செட்டிங்கில் நொடிக்கு 30 ஃப்ரேம் (திரையில் மாறும் படங்கள்) என்ற கணக்கு. வாலரன்ட் 30, 60, 144 ஃப்ரேம் என்று தனித்தனியாகப் பிரித்தே பட்டியல் போட்டது, எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. பட்டியலும் மாறும். சைபர்பங்க் 2077, 2020இல் வந்தபோது மினிமம் 8 ஜிபி ராம், சாதாரண ஹார்ட் டிஸ்க் போதும். 2023இல் அதையே 12 ஜிபி, ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி கட்டாயம் என்று மாற்றினார்கள். பழைய வீடியோவைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான்.

ஏர்கான் போட்ட கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவது சோதனை ஆகாது. தகரக் கூரை வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். செம்மண் தூசி, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கில் அடைத்திருந்தால் ப்ராசஸர் சூடாகி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீங்கள் விளையாடப்போகும் அதே கேமை அரைமணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிட ஃப்ரேமையும் கடைசி ஐந்து நிமிட ஃப்ரேமையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜிபியு பயன்பாடு 95 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் கார்டு தன்னால் முடிந்ததைக் கொடுக்கிறது என்று அர்த்தம். 50-இலேயே நின்று, ஃப்ரேமும் குறைவாக இருந்தால், ஃப்ரேம் லிமிட் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ப்ராசஸரையோ ராமையோ சந்தேகிக்கலாம். மானிட்டர் வயர் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டில் செருகியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை, கார்டில்தான் இருக்க வேண்டும்.

விற்பவர் ஓட்டிக் காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே கம்ப்யூட்டர் வைத்திருந்து "லேக் அடிக்குது, கார்டு மாத்தணும்" என்பவர்கள் முதலில் பிங்கைப் (கேம் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) பாருங்கள். ஃப்ரேம் 100-க்கு மேல் நிலையாக இருந்து, பிங் மட்டும் 30-க்கும் 200-க்கும் இடையில் குதித்தால் குறை இணையத்தில்தான். ஃபைபர் வராத தோட்டத்து லயத்தில் கைப்பேசி டேட்டாவில் விளையாடும்போது இது சகஜம். அதற்கு ஆயிரம் வெள்ளி கார்டு ஒன்றும் செய்யாது.