போட்ல ஏறுறதுக்கு முன்னாடி: புதுசா வந்தவங்களுக்கு

குளிர் நாட்டுக்குப் புதுசா வந்து முதல் சம்மர்லயே யாராவது ஏரிக்குக் கூப்பிடுவாங்க, இல்ல நாமளே நாலு குடும்பம் சேர்ந்து ஒரு போட் வாடகைக்கு எடுப்போம். தாராளமா போங்க, ஆனா வெயிலப் பாத்து தண்ணிய எடை போடாதீங்க. குளிர் நாடுகள்ல வெளிய 25 டிகிரி அடிக்கிற நாள்லகூட தண்ணி 15 டிகிரிக்குக் கீழ இருக்கலாம், முக்கியமா சம்மர் ஆரம்பத்துல.

வெதுவெதுன்னு இருக்கிற தண்ணியில நீச்சல் பழகினவங்களுக்கு இது புரியாது, எனக்கும் புரியல. வந்த புதுசுல போட் கட்டுற மேடையில கால் வழுக்கி தண்ணிக்குள்ள விழுந்துட்டேன், நல்லா நீச்சல் தெரியும், ஆனா விழுந்த நொடியில மூச்சு தானா இழுத்து இழுத்து வாங்குது, நிறுத்தவே முடியல, அப்ப வாய் தண்ணிக்குள்ள இருந்திருந்தா தண்ணிதான் உள்ள போயிருக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், அதனால தலை மேலயே இருந்துச்சு. இத கோல்ட் ஷாக்னு சொல்றாங்க. ரொம்பக் குளிர்ந்த தண்ணிக்கு 1-10-1னு ஒரு கணக்கு இருக்கு: மூச்சு கட்டுக்குள்ள வர 1 நிமிஷம், கை கால் சொன்னபடி கேக்குறது ஏறக்குறைய 10 நிமிஷம், உடம்பு சூடு இறங்கி நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். அந்த 10 நிமிஷம் முடிஞ்சா விரல் மரத்துடும், ஜாக்கெட் பக்கிள்கூட மாட்ட வராது. அதனால ஜாக்கெட்ட சீட்டுக்கு அடியில வச்சிருந்தா அது இல்லாத மாதிரிதான், கரையிலயே போட்டுக்கோங்க.

ஜாக்கெட்லயும் பாத்து எடுங்க. நியூட்டன்றது எவ்வளவு பலமா மிதக்க வைக்கும்ங்கிற அளவு. 50 நியூட்டன்னு போட்டிருந்தா அது நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு, கரைக்குப் பக்கத்துல, உதவி கிட்டயே இருக்கிற இடத்துக்கு, அது மயங்கினவங்கள மல்லாக்கத் திருப்பாது. நீச்சல் தெரியாதவங்களுக்கு 100, கடலுக்குப் போனா 150 கேளுங்க. குழந்தைகளுக்கு எடைக்குத் தகுந்த சைஸ்தான், "அடுத்த வருஷமும் ஆகும்"னு பெருசா வாங்காதீங்க ப்ளீஸ். போட்டுவிட்டு ஜாக்கெட்டோட தோள்பட்டையப் பிடிச்சு தூக்கிப் பாருங்க, காது வரைக்கும் ஏறினா அது சரியில்ல, காலுக்கு நடுவுல வர்ற ஸ்ட்ராப் கட்டாயம் வேணும். காத்து நிரம்புற டைப்னா உள்ள இருக்கிற கேஸ் சிலிண்டர் புதுசா, இறுக்கமா இருக்கான்னு பாருங்க, அதுக்கு மேல கோட் போடாதீங்க.

மோட்டர் போட்ல சிவப்புக் கயிறு ஒண்ணு தொங்கும், கில் கார்டு, அத ஓட்டுறவர் கால்ல மாட்டிக்கணும், அவர் விழுந்தா எஞ்சின் அங்கயே நின்னுடும். ஆள் மாத்தி ஓட்டணும்னா முதல்ல எஞ்சின ஆஃப் பண்ணுங்க. ஓடும்போது பின் பக்கம் குழந்தைகள உக்கார வைக்காதீங்க, ப்ரொப்பல்லர் மட்டும் இல்ல, புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு, அதுக்கு வாசனையே கிடையாது. பெட்ரோல்ல மூணுல ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. போட்டோ எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நிக்கிறதுதான் எனக்கு ரொம்ப பயம், சின்ன போட் அதுலயே கவுந்துடும். தண்ணி அடிச்சுட்டு ஓட்டவே கூடாது.

காத்து கரையில இருந்து கடல் பக்கம் அடிச்சா கரை ஓரம் அமைதியாத்தான் தெரியும், அன்னைக்கு காத்து நிரப்பின மிதவைகளோட இறங்காதீங்க, இழுத்துட்டுப் போயிடும். இடி சத்தம் கேட்டா உடனே திரும்பிடுங்க.

கவுந்துட்டா கரை கிட்ட தெரியுதேன்னு நீந்தாதீங்க, போட்டையே பிடிச்சுக்கோங்க, முடிஞ்சா மேல ஏறுங்க, தேடுறவங்களுக்கு தலையவிட போட்தான் சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும். ஜாக்கெட்ல விசில் இருந்தா ஊதுங்க. மொபைல வாட்டர்ப்ரூஃப் பையில போட்டு உடம்போட கட்டிக்கோங்க. கடல்ல விஎச்எஃப் ரேடியோ (போட்ல பேசுற வயர்லெஸ்) இருந்தா சேனல் 16-ல "மேடே"னு 3 தடவை சொல்லுங்க, உயிருக்கு ஆபத்துன்னு அர்த்தம், அப்புறம் எங்க இருக்கீங்க, எத்தன பேர். போன்னா ஐரோப்பால 112, அமெரிக்கா கனடால 911, பிரிட்டன் கடல்ல 999 அடிச்சு கோஸ்ட்கார்டுனு (கடலோரக் காவல்) கேளுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி கரையில இருக்கிற ஒருத்தருக்கு எங்க போறீங்க, எத்தன பேரு, எப்ப திரும்புவீங்க, எத்தன மணி தாண்டினா உதவி கூப்பிடணும்னு மெசேஜ் போடுங்க. பத்திரமா வந்ததும் அவருக்கு மறக்காம போன் பண்ணுங்க, இல்லனா ரெஸ்க்யூ போட் உங்களத் தேடிக் கிளம்பிடும்.