முன் ஃபோர்க் இல்லாத வண்டியும் கிறவல் வீதியும்
தெரிந்த தம்பி ஒருவர் தானே கட்டிய மோட்டார் சைக்கிளை கிளிநொச்சியில் என் கராஜுக்குக் கொண்டுவந்தார். முன்னால் வழக்கமான ஃபோர்க், அதாவது சக்கரத்தை இருபக்கமும் பிடிக்கும் குழாய்கள், இல்லை. சட்டத்திலிருந்து சக்கரப் பக்கம் நீளும் இரண்டு கைகள், மேலே ஒன்று, கீழே ஒன்று; நடுவில் ஒரு ஷொக், அதாவது ஸ்பிரிங்குடன் அதிர்ச்சி தாங்கி. பொறியியலாளர் நோர்மன் ஹொசாக்கின் அமைப்பு. பிஎம்டபிள்யூ 2004இல் கே1200எஸ் வண்டிக்கு எடுத்ததும் இதே அடிப்படைதான். பிரேக் பிடித்தால் முன்பக்கம் அவ்வளவாகக் குனியாது.

ஏ9 வீதியில் சுகமாக ஓடியது. ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிறவலில் இறக்கினால் பள்ளத்துக்குப் பள்ளம் ஷொக் முழுதாக அமுங்கி 'டங்' என்று அடித்தது. தம்பி கடினமான ஸ்பிரிங் தேடித் திரிந்தார். நல்லகாலம், கிடைக்கவில்லை. பிழை ஸ்பிரிங்கில் இல்லை, ஷொக்கைப் பூட்டிய இடத்தில்.

ஷொக் கீழ்க்கையின் சரிபாதியில் பூட்டப்பட்டிருந்தது. அப்படி நின்றால் ஸ்பிரிங்கின் விறைப்பில் 25 வீதம்தான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். விகிதத்தை வர்க்கித்துப் பெருக்க வேண்டும்; பாதியின் வர்க்கம் கால். பூட்டும் இடத்தை, கை சட்டத்தில் பூட்டிய முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்குத் தூரத்துக்குத் தள்ளினேன், 44 வீதமானது. ஆனால் சக்கரம் 90 மில்லிமீற்றர் எழும்ப, ஷொக் இனி 45 அல்ல, 60 மில்லிமீற்றர் அமுங்க வேண்டும். அவ்வளவு அமுங்க ஷொக்கில் இடம் இருக்கிறதா என்று, ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை முழுதாகத் தூக்கிப் பார்த்த பிறகுதான் வெல்டிங் பிடித்தேன். மேல்முனையையும் அதே அளவு முன்னுக்கு எடுத்தேன். இல்லாவிட்டால் ஷொக் சரிந்து நின்று, கூட்டிய விறைப்பில் கொஞ்சம் போய்விடும்.

சரி, அடுத்தது புழுதி. கைகளின் முனையில் எப்பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டுகளான போல் ஜொயின்ற்றுகளுக்கு ரப்பர் உறை போட்டு கிறீஸ் அடைத்தேன். உறை கிழிந்தால் அன்றே மாற்றச் சொல்லியிருக்கிறேன்.