எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பின் தோற்றத்தை மாற்றுவது: எது எங்கே இருக்கிறது, எது ஏன் மாற மறுக்கிறது

புதுத் தீம் போட்டேன், பாதி விண்டோக்கள் மாறிவிட்டன, மீதி பழையபடியே இருக்கின்றன. லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துபவர்களிடம் அதிகம் கேட்கும் புகார் இதுதான். பெரும்பாலும் தீமில் கோளாறு இருக்காது. திரையில் தெரிவது முழுவதையும் ஒரே நிரல் வரைவதில்லை என்பதே காரணம். விண்டோவுக்குள் இருக்கும் பட்டன், மெனு, பட்டியல் எல்லாம் ஜிடிகே என்கிற நிரல் நூலகம் வரைபவை. விண்டோவின் தலைப்புப் பட்டையையும் ஓரங்களையும் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 என்கிற விண்டோ மேனேஜர் வரைகிறது. ஐகான்களுக்கும் கர்சருக்கும் தனித்தனித் தீம். லாகின் திரையோ வேறொரு பயனரின் பெயரில் ஓடும் தனி நிரல். மாறாத பகுதியை வரைவது யார் என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், எந்த அமைப்பைத் திறக்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

கீழே உள்ளவை 4.18, 4.20 பதிப்புகளை மனதில் வைத்து எழுதியவை. 4.16-லும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் ஒரு நகல்

ஹோம் ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோல்+எச் அழுத்தினால், பெயருக்கு முன் புள்ளி உள்ள மறைந்த ஃபோல்டர்கள் தெரியும். அவற்றில் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் இருக்கும் எக்ஸ்எஃப்சிஇ4 ஃபோல்டரை அப்படியே வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். பேனல் (திரையின் ஓரத்தில் மெனு, கடிகாரம் இருக்கும் பட்டை), விண்டோ மேனேஜர், எழுத்துரு அமைப்புகள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன.

நகலைத் திரும்ப வைக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். லாகின் செய்த நிலையில் இந்த ஃபைல்களை மாற்றினால் பலன் இருக்காது. அமைப்புகளைக் கையாளும் எக்ஸ்எஃப்கான்ஃப் சேவை பழைய மதிப்புகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை எழுதும்போது நீங்கள் வைத்ததை அழித்துவிடும். லாக்அவுட் செய்து, கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தி, வெறும் எழுத்து மட்டும் தெரியும் டெக்ஸ்ட் கன்சோலில் லாகின் செய்து மாற்றுங்கள். பேனல் அமைப்பை மட்டும் சேமிக்க வேண்டுமென்றால் இவ்வளவு பாடு வேண்டாம், பேனல் ப்ரொஃபைல்ஸ் என்ற சிறு கருவியே போதும்.

தீமை எங்கே வைப்பது

முடிந்தவரை உங்கள் டிஸ்ட்ரோவின் (நீங்கள் பயன்படுத்தும் லினக்ஸ் வகை) ரெப்போவிலிருந்தே, அதாவது அதன் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே, நிறுவுங்கள். கிரேபேர்ட், ஆர்க், பாப்பிரஸ் போன்றவை பல டிஸ்ட்ரோக்களில் அப்படியே கிடைக்கும். அப்படி நிறுவினால் தீம் யூஎஸ்ஆர்/ஷேர் ஃபோல்டருக்குள் போய் உட்காரும், எல்லாப் பயனர்களுக்கும் தெரியும், அப்டேட்டும் தானாக வரும்.

வெளியிலிருந்து இறக்கினால், ஹோம் ஃபோல்டரில் புள்ளியுடன் தொடங்கும் தீம்ஸ் ஃபோல்டரில் தீமையும், அதேபோல் புள்ளியுடன் தொடங்கும் ஐகான்ஸ் ஃபோல்டரில் ஐகான், கர்சர் தொகுப்புகளையும் பிரித்து வையுங்கள். அந்த ஃபோல்டர்கள் இல்லாவிட்டால் நீங்களே உருவாக்கலாம்.

வைத்த தீம் பட்டியலில் வரவில்லையா? இறக்கிய ஆர்க்கைவை (சுருக்கிய ஃபைல்) பிரிக்கும்போது ஒரு ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டராகப் பிரிந்திருக்கும். பத்துக்கு ஒன்பது முறை இதுதான். தீமின் பெயருள்ள ஃபோல்டரைத் திறந்தவுடனேயே ஜிடிகே-3.0, எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 என்ற உள் ஃபோல்டர்கள் தெரிய வேண்டும். ஜிடிகே-3.0 மட்டும் இருந்தால் அந்தப் பெயர் அப்பியரன்ஸ் பட்டியலில் வரும், விண்டோ மேனேஜர் பட்டியலில் வராது. பழைய தீம்களில் கவனம் தேவை: 2016-இல் வந்த ஜிடிகே 3.20, தீம் எழுதும் முறையையே மாற்றியது. அதற்கு முன் எழுதிக் கைவிடப்பட்டவை நிறுவப்படும், ஆனால் பட்டன்கள் உருக்குலைந்தும் எழுத்துகள் பின்னணியோடு கலந்தும் தெரியும். சரிசெய்ய முயல வேண்டாம், வேறு தீம் பாருங்கள்.

தீமும் தலைப்புப் பட்டையும்

செட்டிங்ஸ் மேனேஜரில் அப்பியரன்ஸ், அதில் ஸ்டைல் தாவல். இங்கே தேர்ந்தெடுப்பது ஜிடிகே தீம் மட்டுமே. பொருத்தமான விண்டோ மேனேஜர் தீம் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றும் ஒரு தேர்வு புதிய பதிப்புகளில் இங்கேயே உண்டு. இல்லையென்றால் விண்டோ மேனேஜரைத் திறந்து ஸ்டைல் தாவலில் அதே பெயரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் ஒரே குடும்பத்துத் தீமை வைப்பதுதான் நல்லது. சில நிரல்கள் தலைப்புப் பட்டையைத் தாங்களே வரைந்துகொள்ளும், விண்டோ மேனேஜரை அண்ட விடாது. இரண்டு வெவ்வேறு தீம்கள் இருந்தால் பக்கத்துப் பக்கத்து விண்டோக்களே ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தெரியும்.

எக்ஸ்எஃப்சிஇ-யின் சொந்த அமைப்பு விண்டோக்களிலும் அப்படிப்பட்ட பட்டை இருந்து, அது பிடிக்கவில்லை என்றால், 4.18 முதல் அப்பியரன்ஸின் செட்டிங்ஸ் தாவலில் டயலாக்குகளுக்கான ஹெடர்பார் தேர்வை நீக்கிவிடலாம்.

மூடும் பட்டனை இடப்பக்கம் கொண்டுவர, விண்டோ மேனேஜரின் ஸ்டைல் தாவலில் பட்டன்களை இழுத்து வைத்தால் போதும். தாங்களே பட்டை வரையும் நிரல்கள் இதற்குக் கட்டுப்படாது. அவற்றுக்காகச் செட்டிங்ஸ் எடிட்டரில் எக்ஸ்செட்டிங்ஸ் சேனலைத் திறந்து, ஜிடிகே என்பதன் கீழ் டெகரேஷன்லேஅவுட் மதிப்பைப் பாருங்கள். முக்காற்புள்ளிக்கு முன் இருப்பவை இடப்பக்கம், பின் இருப்பவை வலப்பக்கம். இடம் மாற்றி எழுதினால் அவையும் வழிக்கு வரும்.

தலைப்பு எழுத்து மேலும் கீழும் வெட்டுப்பட்டால் எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம். பட்டையின் உயரத்தைத் தீமில் உள்ள படங்களின் உயரமே தீர்மானிக்கிறது. எழுத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது பட்டை தடிமனான தீமுக்கு மாறுங்கள். 2 மடங்கு ஸ்கேலிங் வைத்த திரையில் டிஃபால்ட்-எக்ஸ்எச்டிபிஐ தீம் ஏற்றது.

ஓரம் மெல்லிய தீம்களில் விண்டோவின் அளவை மாற்ற ஓரத்தைப் பிடிக்கவே முடியாது. ஆல்ட்டை அழுத்திக்கொண்டு, விண்டோவின் எந்த இடத்திலும் வலது மவுஸ் பட்டனால் இழுத்தால் அளவு மாறும்.

எழுத்து

அப்பியரன்ஸின் ஃபான்ட்ஸ் தாவலில் எழுத்தின் ஓரங்களை மழுப்பும் ஆன்ட்டி-அலையாசிங்கை இயக்கி, எழுத்தின் வடிவைப் பிக்ஸல்களோடு பொருத்தும் ஹின்ட்டிங்கை ஸ்லைட் என வையுங்கள். சாதாரண எல்சிடி திரைக்குச் சப்-பிக்ஸல் வரிசை பெரும்பாலும் ஆர்ஜிபி. எழுத்தைச் சுற்றி வண்ணச் சாயல் தெரிந்தால் அதை ‘நன்’ (எதுவும் வேண்டாம்) என மாற்றுங்கள். எழுத்தின் பருமனைத் தீர்மானிக்கும் டிபிஐ-யின் அடிப்படை அளவு 96. எழுத்து மட்டும் கால் பங்கு பெரிதாக வேண்டுமென்றால் 120. விண்டோ ஸ்கேலிங் முழு மடங்காகத்தான் பெருக்கும் என்பதால், நடுத்தரத் திரைகளுக்கு டிபிஐயைக் கூட்டுவதே வசதி.

தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் போதும். இயல்பு எழுத்துருவை மாற்ற வேண்டியதில்லை. அதில் இல்லாத எழுத்துகளை வேறு எழுத்துருவிலிருந்து, எழுத்துருக்களைத் தேர்ந்தெடுக்கும் ஃபான்ட்கான்ஃபிக் எடுத்துக்கொள்ளும்.

ஐகான், கர்சர்

சில ஐகான்கள் மட்டும் வெற்றாகவோ பழைய பாணியிலோ தெரிந்தால், அந்தத் தொகுப்பில் உள்ள இண்டெக்ஸ்.தீம் ஃபைலைத் திறந்து இன்ஹெரிட்ஸ் என்ற வரியைப் பாருங்கள். தன்னிடம் இல்லாத ஐகான்களை எந்தத் தொகுப்பிடம் கேட்பது என்று அங்கே எழுதியிருக்கும். அந்தத் தாய்த் தொகுப்பையும் நிறுவ வேண்டும். கர்சர் தீம் இருப்பது அப்பியரன்ஸில் அல்ல, மவுஸ் அண்ட் டச்பேட் அமைப்பில். மாற்றியபின் ஒருமுறை லாக்அவுட் செய்து வாருங்கள், ஏற்கெனவே திறந்திருக்கும் நிரல்கள் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

பேனல்

பேனலில் ரைட் கிளிக் செய்து பேனல் ப்ரிஃபரன்சஸ். ஒரே பேனல், கீழே, நீளம் 100 சதவீதம், உயரம் 28 முதல் 32 பிக்ஸல்: பெரும்பாலான திரைகளுக்கு இது போதும். கடிகாரமும் ட்ரேயும் வலக்கோடியில் ஒட்டவில்லை என்றால், அவற்றுக்கு முன் ஒரு செபரேட்டரை (இடைவெளி) சேர்த்து அதன் அமைப்பில் எக்ஸ்பாண்டை இயக்குங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் தானியங்கி அளவை நீக்கி 16, 22, 24 என நிலையான அளவு ஒன்றை வையுங்கள்.

ஒளி ஊடுருவும் பேனலுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒப்பாசிட்டியைக் குறைத்தால் ஐகானும் எழுத்தும் சேர்ந்தே மங்கும். அது வேண்டாம். பின்னணியை சாலிட் கலர் என வைத்து அந்த நிறத்தின் ஆல்ஃபாவை (நிறத்தின் அடர்த்தி) மட்டும் குறைத்தால், ஐகான்கள் தெளிவாகவே நிற்கும். இரண்டுக்குமே விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் கம்பாசிட்டர் (விண்டோக்களைக் கலந்து திரையில் காட்டும் பகுதி) ஓட வேண்டும். அது நின்றிருந்தால் ஊடுருவல் இருக்காது, சில விண்டோக்களின் வளைந்த மூலைகளும் கறுப்பாகத் தெரியும்.

பேனலே காணாமல் போனால் ஆல்ட்+எஃப்2 அழுத்தி, பேனல் நிரலின் பெயரை (xfce4-panel) தட்டி இயக்குங்கள்.

அடங்காத நிரல்கள்

ஜிடிகே-க்குப் பதில் க்யூடி என்ற வேறொரு நூலகத்தில் எழுதிய நிரல்களுக்கு க்யூடி5சிடி, க்யூடி6சிடி கருவிகள் வேண்டும். திறந்தவுடன் ஒரு சூழல் மாறி அமைக்கப்படவில்லை என்று எச்சரித்தால், அந்தச் செய்தியில் வரும் பெயரையும் மதிப்பையுமே ஹோமில் புள்ளியுடன் தொடங்கும் ப்ரொஃபைல் ஃபைலில் சேர்த்து மீண்டும் லாகின் செய்யுங்கள். லிப்அத்வைதா என்ற நூலகத்தைப் பயன்படுத்தும் நோம் (இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்) நிரல்கள் உங்கள் தீமைக் கண்டுகொள்ளாது, அவை அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. தனித் தொகுப்பாக, மற்றவற்றிலிருந்து பிரிந்து ஓடும் ஃபிளாட்பேக் நிரல்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ள தீமை எட்டிப்பார்ப்பதில்லை. அதே தீமை ஃபிளாட்பேக் தொகுப்பாகவும் நிறுவ வேண்டும்.

ரூட் (நிர்வாகி) அனுமதியோடு ஓடும், டிஸ்க்கைப் பிரிக்கும் ஜிபார்ட்டெட் போன்றவையும் லாகின் திரையும் வேறு பயனரின் பெயரில் ஓடுகின்றன. உங்கள் ஹோமில் வைத்த தீம் அவற்றுக்குத் தெரியாது. அதே தீமை யூஎஸ்ஆர்/ஷேர்/தீம்ஸில் வைத்தபின் லாகின் திரையை வரையும் லைட்டிஎம் ஜிடிகே கிரீட்டரின் அமைப்பில் தேர்ந்தெடுங்கள். லாகின் திரையில் நீங்கள் வைத்த வால்பேப்பருக்குப் பதில் வெறும் நிறம் வந்தாலும் காரணம் இதுவே: படம் ஹோமுக்குள் இருக்கிறது, கிரீட்டருக்கு அதைப் படிக்க அனுமதி இல்லை. படத்தை யூஎஸ்ஆர்/ஷேர்/பேக்கிரவுண்ட்ஸுக்கு நகலெடுத்து, அங்கிருந்து தேர்ந்தெடுங்கள்.